முறிந்த ஆக்ஸிலின் மறுபாதி

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். அன்றைக்குக் காலையில் போடி போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு தட்டு வடையை நான் ஒருவனே காலி செய்தேன் என்றால், உள்ளே எவ்வளவு கொதித்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"கண்ணுச்சாமி, வடையோட சேத்துக் கோபத்தையும் முழுங்கிட்டு வா. உள்ளே போய் யாரையும் கடிச்சு வைக்காதே" என்றார் தானியேல் சார்.

தானியேல் சார் என் முதலாளி. மதுரையில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ்காரர்களுக்காக விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர். நொறுங்கிக் கிடக்கும் லாரியைச் சுற்றி வந்தால் போதும், எது முதலில் உடைந்தது என்று சொல்லிவிடுவார். நான் தேவாரத்துக்காரன். இதே போடி மலை ரோட்டில் ஜீப் மெக்கானிக்காகக் கிடந்தவன். என் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் ஒரு பட்டறையிலும் நிலைக்கவில்லை. இவரிடம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டேன்.

என் கோபத்துக்குக் காரணம் ஸ்டேஷன் வாசலில், வேப்ப மரத்தடியில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். ராசிங்காபுரத்துக் கருப்பம்மாள். அவள் புருஷன் அமாவாசை, ஜீப் டிரைவர். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது அவன் சோலி. போன வாரம் அப்படி இறங்கி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் பின் சக்கரத்து ஆக்ஸில் தண்டு முறிந்து, சக்கரம் தனியாகக் கழன்று பள்ளத்துக்குள் ஓடிவிட்டது. ஜீப் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. ராக்கு, ராமுத்தாய் என்று இரண்டு பெண்கள் அங்கேயே செத்துப் போனார்கள். இதில் ராமுத்தாய் யார் தெரியுமா? கருப்பம்மாளின் கூடப் பிறந்த தங்கச்சி.

அமாவாசைக்குக் கை ஒடிந்தது, உயிர் தப்பியது. உயிர் தப்பியதையே குற்றமாக்கிவிட்டார்கள். ஜீப் முதலாளி பேச்சிமுத்து, 'ஆக்ஸிலை டிரைவரே ரம்பத்தால் பாதி அறுத்து வைத்திருந்தான்' என்று புகார் கொடுத்திருந்தார். அதற்கு ஒரு பழைய கதையும் இருந்தது. விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் வண்டி தாங்காது என்று அமாவாசை பஜாரில் வைத்துச் சொல்லியிருக்கிறான். பேச்சிமுத்து எல்லார் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். "இந்த வண்டி ஒரு நா உங்களைச் சந்தியில இழுத்து விடும் பாருங்க" என்று அவன் சொன்னதை அரைப் பஜார் கேட்டிருக்கிறது.

ஊர் நம்பிவிட்டது. கருப்பம்மாளைப் பெற்ற தாயே நம்பிவிட்டாள். மகள் போய்க் கதவைத் தட்டியபோது திறக்கவில்லையாம். லாக்கப்பில் கிடக்கும் அமாவாசையை, நாங்கள் ஸ்டேஷனுக்குப் போன மறுநாள் கோர்ட்டில் கொலைகாரனாக நிறுத்தப் போகிறார்கள். எங்களைத் தேடி மதுரைக்கு வந்தபோது கருப்பம்மாள் அழவில்லை.

"அந்தாளு செஞ்சிருந்தா செஞ்சான்னு சொல்லிருங்க. செத்தது என் தங்கச்சி. நானே வெளக்கமாத்தால அடிச்சு வெரட்டிர்றேன். செய்யலேன்னா, அதை எங்க ஆத்தா காதுல விழுற மாதிரி சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவளைத் தாண்டித்தான் நாங்கள் ஸ்டேஷனுக்குள் போனோம்.

இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். மேஜைக்கடியிலிருந்து ஒரு கோணியை இழுத்துப் பிரித்தார். உள்ளே முறிந்த ஆக்ஸிலின் உள்பக்கப் பாதி. கவிழ்ந்த ஜீப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்த துண்டு அது.

சார் ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்து முறிந்த முகத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு ஓரத்திலிருந்து வெங்காயத்தைக் குறுக்கே அறுத்த மாதிரி வளையம் வளையமாகக் கறுப்பு. பாதிக்கு மேல் அப்படி மழமழவென்று இருந்தது. மிச்சம் இருந்த சின்னப் பகுதி மட்டும் கல்கண்டு உடைத்தது போலப் பளபளத்தது.

"இது அன்னைக்கு முறிஞ்ச இரும்பு இல்லே சார். ரொம்ப நாளா முறிஞ்சுக்கிட்டே இருந்த இரும்பு. சக்கரம் ஒவ்வொரு சுத்துச் சுத்தும்போதும் ஆக்ஸில் மேலேயும் கீழேயும் வளையுது. அந்த வளைவுல விரிசல் மயிரிழை மயிரிழையா உள்ளே போகும். இந்தக் கறுப்பு வளையம் எல்லாம் அது போன தடம். இந்தப் பளபளப்புதான் கடைசி நாள்" என்றார் சார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். நாங்கள் சொன்னது அவர் கட்சிக்கே சாதகமாகப் போய்விட்டது. வளையங்கள் எங்கே ஆரம்பிக்கின்றனவோ அந்த ஓரத்தில் பென்சிலை வைத்துக் காட்டினார். அரை நகம் நீளத்துக்கு நேராக ஒரு வெட்டு. அமாவாசை அங்கே ரம்பத்தை வைத்து இழுத்திருக்கிறான், மிச்சத்தை ரோடு பார்த்துக்கொண்டது என்பது அவர் வாதம்.

எனக்குச் சுரீரென்றது. அவனே ஓட்டுகிற வண்டியை அவனே அறுப்பானா, அவன் என்ன பைத்தியமா என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். விபத்துக்கு மறுநாளிலிருந்து அந்த ஜீப்புக்குத் திருப்பதி என்ற வேறு டிரைவர் வருவதாக இருந்ததாம். அவன் ஓட்டும்போது முறியட்டும் என்று அறுத்திருக்கிறான், கணக்கு ஒரு நாள் தப்பிவிட்டது என்றார்.

சார் பையிலிருந்து லென்ஸை எடுத்து, அந்த வெட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு என் கையில் கொடுத்தார். நேர் வெட்டுக்கு அரை விரல் தள்ளி இன்னொரு கீறல். சின்னது. ஆனால் அது நேராக இல்லை. கொக்கி மாதிரி வளைந்து மேலே திரும்பி, முறிந்த ஓரத்தில் போய் மறைந்தது.

"ரம்பம் வழுக்கியிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வழுக்கினாலும் ரம்பம் நேராத்தான் வழுக்கும் சார். வளைஞ்சு திரும்பி நடந்து வராது. இதோட மிச்சம் மத்தப் பாதியில இருக்கு. அது எங்கே?" என்றார் சார்.

மறுபாதி சக்கரத்தோடு பள்ளத்துக்குப் போனது, யாரும் தேடவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு மறுபடியும் பசித்தது. இரண்டு பெண்கள் செத்திருக்கிறார்கள், ஒருத்தனைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோகத் தயாராக இருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கிப் பார்க்க மட்டும் ஒருவனுக்கும் கால் வரவில்லை.

நானும் சாரும் மோட்டார் சைக்கிளில் மலை ஏறினோம். சாருக்குக் கொலைகாரனைக் கண்டு பயம் கிடையாது, கொண்டை ஊசி வளைவைக் கண்டால் பயம். அடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டியதும் என் சட்டையைப் பிடித்தவர், அந்த வளைவு வரும்வரை விடவில்லை. பாறையில் ஜீப்பின் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் யாரோ ஒரு கொத்துப் பூவை வைத்திருந்தார்கள். காய்ந்து போயிருந்தது.

பள்ளத்தில் புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். சார் மேலே நின்றுகொண்டு, சக்கரம் எந்தப் பக்கம் உருண்டிருக்கும் என்று கையைக் காட்டினார். அந்த வழியில் போனால் ஒரு ஓடை. ஓடைக் கல்லுக்கு நடுவே கிடந்தது பிரேக் டிரம். அதோடு ரிம்மும் இருந்தது. டயரை மட்டும் காணோம். செருப்புத் தைக்க ஆகும் என்று யாரோ உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். டயர் அவனுக்கு உதவும். டிரம்மின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த முறிந்த இரும்பு அவனுக்கு எதற்கு?

அதைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சார் தன் கைக்குட்டையால் சேற்றையும் கிரீஸையும் துடைத்தார். துடைக்கத் துடைக்க இரும்பில் எழுத்து வந்தது. குடத்தின் கழுத்தைச் சுற்றிப் பேர் வெட்டுவார்களே, அந்த மாதிரி ஆக்ஸிலைச் சுற்றி வெட்டியிருந்தது.

பே. மு.

இல்லை, முழுதாக இல்லை. 'ப'வுக்கு இரண்டு கால்களும் இருந்தன, அடிக்கோடு இல்லை. 'மு'வுக்குத் தலை இருந்தது, வால் இல்லை. இரும்பு சரியாக அந்த அடிக்கோட்டின் வழியே முறிந்திருந்தது.

"பேச்சிமுத்து" என்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பசியும் வந்தது.

அந்த ஆளைப் பற்றி போடியில் தெரியாதவர் கிடையாது. உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் திருடர்கள் என்று நினைக்கிறவர். ஏலக்காய் மூட்டையில் பேர், தார்ப்பாயில் பேர், ஸ்பேனரில் பேர், டீ டம்ளரில் பேர். பெண்டாட்டி முதுகில் மட்டும்தான் வெட்டவில்லை என்று பஜாரில் பேசிக்கொள்வார்கள். ஜீப்பைப் பட்டறையில் விட்டால் மெக்கானிக் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவான் என்று, ஒவ்வொரு சாமானிலும் பேர் வெட்டி வைத்திருக்கிறார்.

அடுத்து, வெட்டியவனைப் பார்க்க வேண்டும். போடியில் ஆக்ஸிலைக் குடமாக நினைத்துச் சுற்றிப் பேர் வெட்டக்கூடியவர் ஒருவர்தான் இருக்க முடியும். பாத்திரக்கடைத் தெருவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீர்வரிசைப் பாத்திரத்துக்கெல்லாம் பேர் வெட்டிக் கொடுக்கும் ராக்கையா. நாங்கள் போனபோது ஒரு பித்தளை அண்டாவுக்குள் தலையை விட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை எடுத்தவர், ஆமாம், நான்தான் வெட்டினேன் என்று கொஞ்சமும் ஒளிக்காமல் சொன்னார். உளி, சுத்தியல் எல்லாவற்றையும் எடுத்தும் காட்டினார். அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான் இருந்தது.

"அந்தாளுக்குப் பழைய ஆக்ஸிலுக்கெல்லாமும் நாந்தேன் வெட்டிக் குடுத்தேன் அப்பு. ஒரு தொந்தரவும் இல்லே, பித்தளை மாதிரியே எறங்குச்சு. இந்தப் புதுசு இருக்கே, சனியன், என் உளி ரெண்டையும் மழுக்கிப்பிடுச்சு. முடியாது அண்ணேன்னேன். கடைசல் பட்டறையில இரும்பு சீவுற உளி ஒண்ணக் கொண்டாந்து குடுத்து, ஓங்கி அடிய்யான்னாரு. அடிச்சேன்."

சார் மழுங்கிப் போன அந்த இரண்டு உளிகளையும் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ராக்கையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கும் புரியவில்லை.

இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு பேச்சிமுத்து கடைக்குப் போனோம். கருப்பம்மாளும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள். கடை முழுக்க ஏலக்காய் வாசம். பெண்கள் முறத்தில் காயைப் பரப்பி, பெரியது பருவட்டு, சிறியது பொடி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து வெள்ளைச் சட்டையில் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

சார் மறுபாதியை அவர் முன்னால் வைத்தார். இன்ஸ்பெக்டர் தன் பாதியைக் கோணியிலிருந்து எடுத்துப் பொருத்தினார். நேர் வெட்டு 'ப'வின் அடிக்கோடாயிற்று. கொக்கி 'மு'வின் வாலாயிற்று. ரம்பம் என்று ஊரெல்லாம் பேசினார்களே, அது முதலாளியின் பேர்.

இதைப் பார்த்ததும் அந்த ஆள் முகம் சுண்டிவிடும் என்று நினைத்தேன். அவரோ வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கடை மூலையைக் கைகாட்டினார். அங்கே நாலைந்து பழைய ஆக்ஸில்கள் சுவரில் சாய்ந்து நின்றன. எல்லாவற்றிலும் பே. மு.

"பேர் வெட்டுனா இரும்பு ஒடியுமாய்யா? அந்தா நிக்கிது பாருங்க. எல்லாத்திலயும் இதே ராக்கையா, இதே பேரு. வருசக் கணக்கா இதே மலையில ஓடுச்சு. லோடு தாங்காம வளைஞ்சுச்சே தவிர ஒண்ணாச்சும் ஒடிஞ்சுச்சா? வளையுதேன்னுதான் மெட்ராசுல சொல்லி, இருக்கிறதுலயே ஒசந்த இரும்புல புதுசு வாங்கிப் போட்டேன். ஒசந்த இரும்பு ஒடியுதுன்னா எவனோ கை வச்சிருக்கான். வேற என்னய்யா?"

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்தார். எனக்கு அந்த ஆள் சொன்னதில் ஓட்டை தெரியவில்லை. வாசலில் கருப்பம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சார் என்னிடம் ஒரு அரம் கேட்டார். பக்கத்துப் பூட்டுக் கடையில் வாங்கி வந்தேன். மூலையில் இருந்த பழைய ஆக்ஸில் ஒன்றில் அரத்தை வைத்து இழுத்தார். கரகரவென்று சீவியது, இரும்புத் தூள் உதிர்ந்தது. பிறகு முறிந்த புது ஆக்ஸிலில் வைத்து இழுத்தார். கீச்சென்று சத்தம். அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பொட்டுத் தூள் இல்லை. பையிலிருந்து ராக்கையாவின் மழுங்கிய உளிகளை எடுத்து, இரண்டு இரும்புக்கும் நடுவில் வைத்தார்.

"நீங்க சொன்னது சரி. இது ஒசந்த இரும்புதான்" என்றார் சார். குரல் தணிந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். "வழுவழுன்னு இருந்திருந்தா, பழசை விட ரெண்டு மடங்கு தாங்கியிருக்கும். ஆனா இந்த மாதிரி இரும்புக்கு மேனியில ஒரு கீறல் ஆகாது. பழசு மெத்து. அதுல கீறினா, கீறல் இருக்கிற எடம் கொஞ்சம் இளகிக் குடுக்கும், பாரத்தைப் பக்கத்துல பங்கு போட்டுக்கும். இதுக்கு இளகத் தெரியாது. மொத்தப் பாரமும் அந்தக் கீறலோட அடி முனையிலேயே வந்து குத்தும். ஜவுளிக்கடையில துணி கிழிக்கிறப்ப என்ன செய்றாங்க? ஓரத்துல கத்திரிக்கோலால ஒரு சின்ன நறுக்கு. அப்புறம் இழுத்தா கோடு போட்ட மாதிரி கிழியும். நீங்க ஓரத்துல நறுக்கிக் குடுத்தீங்க. அதுவும் சுத்துவாட்டுல, குறுக்கே. மலை ரோடு இழுத்துக் கிழிச்சிருச்சு."

கடையில் முறம் புடைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஒடிஞ்சது உங்க இரும்போட குத்தமும் இல்லே, அமாவாசையோட குத்தமும் இல்லே. பாரம் கூடுனப்ப ஆளைக் குறைக்காம ஆக்ஸிலை மாத்துனீங்க. மாத்துன ஆக்ஸில்ல உங்க பேரை வெட்டுனீங்க" என்றார் சார். பிறகு சட்டென்று நிறுத்தி, "புது ஆக்ஸில் இந்த ஒரு ஜீப்புக்குத்தான் வாங்குனீங்களா?" என்று கேட்டார்.

பேச்சிமுத்து வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அவரிடம் இன்னொரு ஜீப் உண்டு. விபத்துக்குப் பிறகு திருப்பதி ஓட்டுவது. அந்த நேரத்துக்கு அது பெண்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து கிளம்பியிருக்கும்.

"எங்க ஆத்தா அதுலதான் போயிருக்கு" என்றாள் கருப்பம்மாள்.

மகளைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே முதலாளியின் ஜீப்பில், அதே மலைக்கு, காய் எடுக்கப் போயிருக்கிறாள் அந்தக் கிழவி. போகாமல் இருந்தால் அடுப்பு எரியாது.

நான் மோட்டார் சைக்கிளில் முன்னால் பறந்தேன். பின்னால் போலீஸ் ஜீப்பில் சார், இன்ஸ்பெக்டர், கருப்பம்மாள். பேச்சிமுத்துவையும் இன்ஸ்பெக்டர் விடாமல் ஏற்றிக்கொண்டார். முந்தல் தாண்டி ஒவ்வொரு வளைவாக ஏறும்போதும், திரும்பியதும் பள்ளத்தில் ஒரு ஜீப் கிடக்கப் போகிறது என்றே நினைத்துக்கொண்டு போனேன். விபத்து நடந்த வளைவுக்கு ஒரு வளைவு கீழே அது எதிரே வந்தது. உள்ளே ஆட்களை அடைத்து, பின்கதவில் நான்கைந்து பேர் தொற்றிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டுக் கையை விரித்து நின்றேன். திருப்பதி என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு பிரேக் போட்டான். அன்றைக்கு நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்ட ஒரே திட்டு அதுதான்.

போலீஸ் ஜீப்பும் வந்து சேர்ந்தது. பெண்கள் எல்லாரையும் இறங்கச் சொன்னோம். கருப்பம்மாளின் ஆத்தா இறங்கி, மகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் காதில் விழுந்ததும் பெண்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. பேச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. மதுரைக்காரன் ஏதோ துணிக்கடைக் கதை சொல்கிறான், வண்டி சுத்தமாக இருக்கிறது, பேசாமல் ஏறுங்கள், பொழுது சாய்கிறது என்று அதட்டினார். இரண்டு மூன்று பேர் பழக்க தோஷத்தில் காலைத் தூக்கவும் தூக்கினார்கள்.

அப்போது அந்தக் கிழவி அவர் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் செருகியிருந்த கூடைக் கயிற்றைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"வண்டி நல்லாத்தேன் இருக்குங்கிறீங்க. அப்ப நீங்க முன்னாடி ஏறுங்க மொதலாளி. நாங்க பின்னாடி ஏறிக்கிறோம்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பேச்சிமுத்து ஜீப்பைப் பார்த்தார். பின் சக்கரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த பள்ளத்தையும் பார்த்தார். தனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகவும், மலை இறங்கும்போது முன் சீட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். பின் சீட்டிலும் அவர் ஏறவில்லை.

என் வாயில் அருமையான வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. சார் தோளில் கை வைத்து, ஸ்பேனரை எடு என்றார்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுக்க, போலீஸ் ஜீப்பின் சாமான் போதவில்லை. மேலே இருந்து வந்த ஒரு மிளகு லாரிக்காரனிடம் டிரம்மை இழுத்துக் கழற்றும் புல்லர் இருந்தது. ஆக்ஸிலை வெளியே உருவினேன். சக்கரப் பக்கத்து முனையிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் பே. மு. கண்ணுக்கு ஒரு விரிசலும் தெரியவில்லை. பேச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. பார்த்தீர்களா என்று இன்ஸ்பெக்டரிடம் வாயைத் திறந்தார்.

சார் பெட்ரோல் நனைத்த துணியால் அந்த இடத்தை அழுந்தத் துடைத்தார், பிறகு காய்ந்த துணியால் துடைத்தார். எழுத்துப் பளிச்சென்று ஆனது. யாரிடமாவது சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டார். கிழவி மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினாள். சார் அதை மெல்லிசாக, எழுத்தின் மேலேயே பூசினார். மலைக் காற்றில் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளை வெளேரென்று ஆயிற்று.

எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு நூல் கசிந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த கிரீஸ் எண்ணெய். 'ப'வின் அடியில் ஆரம்பித்து, புள்ளியைத் தாண்டி, 'மு'வின் கீழே நீண்டு, ஆக்ஸிலின் பாதிச் சுற்று வரைக்கும் போனது.

திருப்பதி ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இது என்னய்யா எழுத்து? எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் கிழவி.

"மொதலாளி பேரு ஆத்தா. ராமுத்தாய் வந்த வண்டியிலயும் இதேதான் வெட்டியிருந்துச்சு. அந்த வெட்டுலதான் ஒடிஞ்சுச்சு. உங்க மருமகன் ரம்பத்தைத் தொடவே இல்லே" என்றேன். அவள் காதில் விழ வேண்டும் என்றுதானே கருப்பம்மாள் கேட்டிருந்தாள்.

பேச்சிமுத்து ஏதோ முனகிக்கொண்டு ஆக்ஸிலைப் பார்த்துக் கையை நீட்டினார். அது தன்னுடைய சாமான் என்று அந்த நேரத்திலும் தோன்றியிருக்கிறது பாருங்கள். இன்ஸ்பெக்டர் அவர் கையைத் தட்டிவிட்டு, அதைக் கோணியில் சுற்றினார்.

"உங்களுதுதான். இல்லேன்னு கோர்ட்டுல சொல்ல முடியாது. பேரு போட்டிருக்கு" என்றார்.

கிழவி சுண்ணாம்பு டப்பாவை மூடிச் சுருக்குப் பையில் போட்டு, பையை மடியில் செருகினாள். அதற்குப் பிறகுதான் கருப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். கருப்பம்மாள் பாறையை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வரத் துணியவில்லை.

"ஏண்டி, அவருக்குச் சோறு கொண்டு போனியா?"

"இல்லாத்தா."

"கையி ஒடிஞ்சு கெடக்குற மனுசனுக்கு யாரு ஊட்டி விடுவா? வெரசா நட. வீட்டுல போய் ஒல வைக்கணும்."

இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பில் ஏறிக்கொள்ளும்படி இரண்டு பேரையும் கூப்பிட்டார். கிழவி ஜீப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாமய்யா என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டின் மலையோரமாக, முந்தலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.